குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போல வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும்.

சுதந்திர தினம், பொங்கல், குடியரசு தினம் மூன்றும் நல்லபடியாக நடந்தன. சம்ப் கழுவப்பட்டது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயலின்போது ஸ்டில்ட்டில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம்.

அடுத்தது கேமரா விஷயம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய கேமராக்களின் செப்புக் கேபிள் லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டிப் போனது. லிஃப்ட் ஓடினால் படத்தில் கோடு ஓடும். போன மழையில் ஓர் இடிக்கு, அதே கேபிள் வழியாக வந்த மின்சாரம் ரெக்கார்டரையே எரித்துவிட்டது. அப்புறம் ஏ பிளாக்கில் சைக்கிள் காணாமல் போனபோது, காவல் நிலையத்தில் கொடுக்க நம்மிடம் பதிவு இல்லை.

புதுக் கேமராக்களுக்கு விலைப்புள்ளி கொடுத்த ஒப்பந்ததாரர் கேட்-6 கேபிளை, அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடும் செப்புக் கேபிளை, சொன்னார். அதைக் கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விடக் கூடாது. புதுப் பைப் வேண்டும், அதற்குச் சுவரை வெட்ட வேண்டும். போன வருடம்தான் பெயின்ட் அடித்தோம். கண்ணாடி ஒளியிழை போடலாம் என்றால் அதை ஒட்ட மெஷினும் அதற்குப் பழகிய ஆளும் தேவை. அதனால்தான் பிளாஸ்டிக் ஒளியிழையைத் தேர்ந்தெடுத்தோம்.

இழையின் தடிமன் 1 மி.மீ., மேலுறையோடு சேர்த்தும் 2.2 மி.மீ.தான். இதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. அதனால் கரண்ட் வயர் இருக்கும் பைப்பிலேயே விடலாம். லிஃப்ட் மோட்டார் இதைத் தொந்தரவு செய்யாது, இடியும் இதன் வழியாக வராது. கரண்ட் வயர் வழியாக வரும் இடி வேறு கதை, அதற்குத் தனியாக, திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்திருக்கிறோம். நம் எலக்ட்ரீஷியனே பிளேடால் நேராக நறுக்கி, மின் சிக்னலை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை மின் சிக்னலாகவும் மாற்றும் கன்வெர்ட்டரில் சொருகி, பூட்டை அழுத்தினார். மறுமுனையில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு வெளிச்சம் வந்தது. பொருளாளரே குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

குறையையும் மறைக்கவில்லை. இந்த இழை நெடுந்தூரத்துக்கு ஆகாது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 50 மீட்டர் வரை கவலை இல்லை, ஒரு கிலோமீட்டர் இழுத்தால் வெளிச்சம் வழியிலேயே செத்துவிடும். நம் பின்வாசல் கேமராவே 40 மீட்டருக்குள்தான். 4 மெகாபிக்சல் கேமராவுக்கு 8 மெகாபிட் போதும். இழை வழியாகக் கரண்ட் போகாது என்பதால், கேமரா பக்கத்தில் விளக்குப் பாயின்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். ஒரு கேமராவுக்கு இரண்டு கன்வெர்ட்டர், அந்தச் செலவு உண்மைதான். எலி கடித்தால் இதுவும் அறுந்துதான் போகும்.

இதையெல்லாம் சொல்லத்தான் சிறப்புக் கூட்டம் கூட்டினோம். வந்தவர்களைவிடப் போட்ட நாற்காலிகள் அதிகம். வேலை முடிந்த பிறகு, வராத ஒருவர் வாட்ஸ்அப் குழுவில், "தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக்குத் தடை இருக்கிறதே, செயலாளருக்குத் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். அதற்கு விழுந்த கட்டைவிரல்களில் பாதி, சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுடையவை. அந்தத் தடை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு. இது எறிவதற்கு வாங்கியதல்ல.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு பொருளாளரிடம் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வரவுக்குள் செலவை அடக்கப் பார்த்தோம். கேமரா செலவில் ஒரு பகுதி வைப்பு நிதியிலிருந்து போயிருக்கிறது. நிலுவை வந்திருந்தால் அதைத் தொட்டிருக்க வேண்டாம். பெயர்களை அறிவிப்புப் பலகையில் போடலாம் என்று சிலர் சொன்னார்கள், இந்த ஆண்டு போடவில்லை.

தலைவர், பொருளாளர், செயற்குழு, இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர்கள், எலக்ட்ரீஷியன் அனைவருக்கும் நன்றி.

பி பிளாக்குக்கு இன்னும் கேமரா இல்லை. இழைச்சுருளில் மீதி இருக்கிறது, பைப்பில் இடமும் இருக்கிறது. கன்வெர்ட்டரும் கேமராவும்தான் வாங்க வேண்டும். பி பிளாக் நிலுவை வந்த மாதமே வேலையைத் தொடங்கலாம். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் கணக்கையும் கன்வெர்ட்டர் பெட்டிச் சாவியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். மனு கொடுக்க வருகிறவர்கள் சந்தா ரசீதையும் கையோடு கொண்டு வரவும்.

செயலாளர்