தோழிக்கு, உப்பளத்து வெளிச்சத்தைப் பற்றி

ஏற்காடு,
ஏப்ரல் 9

அன்புள்ள தோழிக்கு,

நான் நலம். நீயும் அண்ணனும் பேரப்பிள்ளைகளும் நலந்தானே? தூத்துக்குடியில் உன் வீட்டிலிருந்து திரும்பி ஏழு வாரம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு முறை போனில் பேசினோம். மக்ரூன் தீர்ந்துவிட்டதா, முழங்கால் வலி எப்படி என்பதற்குள்ளேயே பேச்சு முடிந்துபோனது. சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. நம் பயிற்சிப் பள்ளிக் காலத்து வழக்கப்படி எழுதினால்தான் எனக்கு அது வரும்.

முதலில் இங்கத்திய செய்தி. மார்ச் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்தது. காப்பிக்காரர்கள் வருஷம் பூராவும் காத்திருக்கும் பூ மழை. பெய்து ஒன்பதாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் கொல்லை முழுக்க மல்லிகை வாசம். செடிக்குச் செடி, கணுவுக்குக் கணு, வெள்ளையாகச் சிலிர்த்துப்போய் நிற்கிறது. மூன்று நாள்தான் அந்த அழகு. இன்று நாலாம் நாள், பழுப்பு தட்டிவிட்டது. ஆனால் அந்த முதல் நாள் காலையில், பூவைப் பார்த்தபடி நின்றபோது எனக்கு உன் ஊர் உப்புதான் ஞாபகம் வந்தது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. இரண்டுக்கும் எத்தனை தூரம்!

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் வந்தபோது இடது கண்ணுக்குப் புரை எடுத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வலது கண்ணுக்கு இன்னும் எடுக்கவில்லை. அந்த நாலு நாளும் யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், பிறகு மாற்றிப் பார்ப்பதுமாக இருந்தேன். முள்ளக்காடு தாண்டி திருச்செந்தூர் சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினோமே, அங்கே உப்பு அம்பாரத்தை அப்படித்தான் பார்த்தேன். இடது கண்ணில் அது கண் கூசும் வெள்ளை, ஓரத்தில் லேசாக நீலம்கூட ஓடியது. வலது கண்ணில் அதே அம்பாரம் டீத்தண்ணீர் பட்ட வேட்டி மாதிரி மஞ்சளாக இருந்தது. வயதாக ஆக கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளித்து, நீல வெளிச்சத்தை உள்ளே விடாமல் நிறுத்திக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். அது மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லையாம். எத்தனை வருஷமாக நான் மஞ்சள் உலகத்தில் இருந்தேனோ! உன் ஊர் உப்பில்தான் அது எனக்கு முதல்முதலாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் பேசாமல் நின்றதைப் பார்த்து நீ தலைசுற்றுகிறதா என்று கேட்டாய். தலை சுற்றவில்லையடி, அழுகை வந்தது.

விடிகாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடற்கரைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டும். இங்கே சூரியன் மலையைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, பனியை விலக்கி என் முற்றத்துக்கு வந்து சேர ஏழரை மணி ஆகும். உங்கள் ஊரில் கடலிலிருந்து எழுந்த கையோடு சுவரில் வந்து நிற்கிறது. பனிமய மாதா கோவில் முகப்பில் அந்த முதல் வெயில் விழுந்தபோது, அது 1713இல் கட்டிய கோவில் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் காதில் வாங்கவே இல்லை, வெள்ளைச் சுவர் ரோஜா நிறமாகி மறுபடி வெள்ளையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் எப்படி அவ்வளவு அடங்கிக் கிடக்கிறது என்று கேட்டதற்கு அண்ணன் சொன்ன விளக்கம் நன்றாக நினைவிருக்கிறது. எதிரே இலங்கை ஒரு மதில், ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள், அதற்கு மேல் பெரிய அலை எங்கே வரும் என்றார். அலை இல்லாததால்தான் அந்தக் கடல் வெளிச்சத்தை உடைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. தோணியின் பக்கப் பலகையில் தண்ணீரின் வெளிச்சம் பாம்புபோல நெளிந்து ஓடியதே, அதை நீ தினமும் பார்ப்பதால் கவனித்திருக்க மாட்டாய்.

ஆனால் என்னை ஆட்டிவிட்டது உப்பளம்தான். நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரைப் பாத்தி பாத்தியாக ஓடவிட்டு, வெயிலும் காற்றும் குடிக்கக் குடிக்க அது கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்கிறது. இதை நான் ஐந்தாம் வகுப்புக்கு முப்பது வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு பாத்தி இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மற்ற எதுவும் பிழைக்காத அந்தக் கரிப்பில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது என்று நீ சொன்னாய். தூரத்தில் நின்ற பூநாரைகளும் அதே நிறம்.

இன்னொன்றும் கவனித்தேன். உன் பழைய மாணவியின் அம்மா, தலையில் துண்டைச் சுற்றி, புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தாடைக்கு அடியில் நிழலே இல்லை! மூக்குக்கு அடியில், புருவத்துக்கு அடியில், எங்கேயும் இல்லை. வெளிச்சம் மேலிருந்து வருவதைப்போலவே கீழிருந்தும் வந்துகொண்டிருந்தது. குடை பிடித்தாலும் அங்கே பயன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணோரச் சுருக்கங்களை நீ கவனித்தாயா? சதா இடுக்கியே பார்ப்பதால் மடிப்புக்கு வெளியே கறுத்தும் மடிப்புக்குள் வெளுத்தும் இருக்கின்றன. "நெழலுக்குள்ள போனா கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது டீச்சர், சுவரப் புடிச்சிக்கிட்டுதான் நிப்பேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். பாத்தியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு கழற்றித் துண்டு நுனியில் துடைத்து என் கையிலேயே வைத்துவிட்டார். "குளுமையாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பதம் தெரியலையே."

அந்த வார்த்தை ஏழு வாரமாக எனக்குள் கிடக்கிறது. நான் அழகு என்று பார்த்த வெளிச்சத்தில்தான் அவர் பதம் பார்க்கிறார். எந்தப் பாத்தி விளைந்துவிட்டது, எது இன்னும் இரண்டு நாள் கேட்கும் என்பதை உப்பின் மினுக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். அதே மினுக்கம்தான் அவர் கண்ணையும் தின்கிறது. அந்த வெள்ளையை இரண்டு கண்ணாலும் முழுதாகப் பார்க்க ஆசைப்பட்ட எனக்கு, அதை முப்பது வருஷமாகப் பார்த்தே கண் மங்கிய ஒருவர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது.

நம் பயிற்சிப் பள்ளி நாளில், முதல்முறை உன்னை ஏற்காட்டுக்குக் கூட்டிவந்தது ஞாபகம் இருக்கிறதா? 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தோட்டத்தைப் பார்த்து, "இங்க வெயில் அரைபட்டுல்ல வருது" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடற்கரைக்காரிக்கு மலையின் அருமை தெரியவில்லை என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நீ சொன்னது உண்மை. நாற்பது வருஷம் கழித்து இப்போதுதான் புரிகிறது. காப்பிச் செடிக்கு முழு வெயில் ஆகாது. அதற்குத்தான் சில்வர் ஓக்கை வளர்த்து, அதில் மிளகுக்கொடியை ஏற்றி, வெயிலைச் சலித்துச் சலித்துக் கீழே விடுகிறோம். வருஷாவருஷம் ஆள் ஏறிக் கிளை கழிப்பார்கள். கீழே நின்றுகொண்டு பெரியவர் ஒருவர், "அந்தக் கொம்பு போதும், இதை விடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எந்தச் செடிக்கு எத்தனை வெளிச்சம் என்று பங்கு போடுகிற வேலை அது. உங்கள் ஆட்கள் கிடைக்கிற வெயிலையெல்லாம் பாத்தியில் பிடித்து வைக்கிறார்கள். ஏற்காட்டில் பெய்யும் மழையில் பாதிகூட உங்களுக்கு இல்லை என்பது உப்புக்காரருக்கு வரம்தான்.

வானமும் வேறு வேறு. உன் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நடுப்பகலில் அடிவானம் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. கடல்காற்றில் மிதக்கும் உப்புத் தூசு ஈரத்தை வாங்கி உப்பி, எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. இங்கே நாங்கள் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றில் ஆறில் ஒரு பங்கு எங்கள் காலுக்குக் கீழே போய்விடுகிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சேர்வராயன் கோவில் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் வானம் நாவற்பழ நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இதை இடது கண்ணால் பார்த்தபோது சின்னப் பிள்ளையில் பார்த்த வானம் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் மாத்திரை வாங்கச் சேலம் போனேன். இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் ஜன்னல் வழியாக வெள்ளைக்கல் சுரங்கம் தெரிந்தது. மேக்னசைட் எடுக்கத் தோண்டிய கரடு. வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்புக் குன்று என்றே எழுதிவைத்தார்கள். எத்தனையோ ஆயிரம் தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெயிலில் அது உன் ஊர் அம்பாரம்போலவே மின்னியது. உலை உள்பூச்சுக்குச் செங்கல் செய்யப் போகிற கல், எந்தச் சூட்டையும் தாங்கும். அங்கேயும் கண்ணை இடுக்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் இருந்திருப்பார்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் அவர்களை நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு சங்கதி. உன் ஊரும் என் ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, 78 டிகிரியைச் சற்றே தாண்டி. அதனால் நம் இருவருக்கும் நடுப்பகல் ஒரே நேரத்தில் வருகிறது. இந்த மாதத்தில் அது கடிகாரத்தில் 12 மணி 18 நிமிடம் வாக்கில். அட்சரேகைதான் மூன்று டிகிரி வித்தியாசம். ஆகவே 12, 13 தேதி வாக்கில் சூரியன் சரியாக உன் உச்சியில் நிற்கும். அங்கிருந்து வடக்கே நகர்ந்து, 21ஆம் தேதி வாக்கில் என் உச்சிக்கு வரும். அந்த நிமிடத்தில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பேன், இப்போது என் வீட்டு முற்றத்தில் நானே பார்க்கிறேன். நீ பேரனைக் கூட்டிக்கொண்டு மாடியில் ஒரு குச்சியை நட்டுவை. நிழல் குச்சிக்குள்ளேயே போய் ஒளிந்ததும் எனக்கு ஒரு போன் செய். ஒன்பது நாளில் அதே வெயிலை நான் இங்கே வாங்கிக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். அரைக் கிலோ காப்பிப் பொடி அண்ணனுக்கு, சிக்கரி சேர்க்கவில்லை. மிளகு உனக்கு. அடியில் துணியில் சுற்றி இரண்டு கண்ணாடி இருக்கும், உடையாமல் எடு. லேசான பழுப்பு நிறம், பக்கவாட்டில் மறைப்பு உள்ளது. சேலத்தில் கண்ணாடிக் கடையில் ஒருமணி நேரம் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தட்டில் கல் உப்பைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எடுத்தேன். இதில் கூச்சம் குறைகிறது, மினுக்கமும் தெரிகிறது. அது எனக்கு. அவருக்குப் பதம் தெரிகிறதா என்று நீ அளத்துக்கே போய், காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல். தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லச் சொல், இன்னும் வெளுத்த நிறத்தில் வாங்கி அனுப்புகிறேன். சரியாக இருந்தால் கூட வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுது. என் பென்ஷனில் மாதம் இரண்டு ஜோடி வாங்க முடியும்.

அண்ணனுக்கு வணக்கம் சொல். பேரனுக்கு முத்தம்.

உன்
ஏற்காட்டுக்காரி