அறையை அளந்த பிறகு ஸ்பீக்கரைச் சொல்லுங்கள்: டெல்டா மாவட்ட ஒலிக்கருவி விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விற்பனையாளர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், திருச்சி ஆகிய ஊர்களில் உயர்விலை ஸ்பீக்கர்களை விற்கும் உங்கள் அனைவரிடமும் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். வாடிக்கையாளர் கடைக்குள் வந்ததும் "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், "எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள்? அதன் நீளம், அகலம், உயரம் என்ன?" என்று கேளுங்கள். அந்த அளவை விலைப்புள்ளியிலேயே எழுதிக் கொடுங்கள். அறைக்குப் பொருந்தாத ஸ்பீக்கரை, வாங்குபவர் பணத்தோடு வந்து நின்றாலும், பொருந்தாது என்று சொல்லிவிடுங்கள்.

இந்தப் பகுதியில் இவற்றை வாங்குபவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் நெடுநாள் ஆசையை நிறைவேற்றிக்கொள்ளும் பெற்றோர்கள். திருவையாற்று ஆராதனையைத் தரையில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய காதுகள் அவர்களுடையவை. நாகசுரமும் தவிலும் வீட்டுக்குள் உயிரோடு ஒலிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்கு விற்கப்படுவதோ, பெரும்பாலும், 4 அடி உயரமும், தாழ்ந்த ஒலியை எழுப்பும் இரண்டு 10 அங்குல வூஃபர்களும் கொண்ட டவர் ஸ்பீக்கர். அது போய்ச் சேரும் இடம் 12 அடிக்கு 10 அடி அறை.

அப்படிப்பட்ட அறை ஒன்றைக் கும்பகோணத்தில் அண்மையில் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கர் பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலான மூலையில் நெருக்கி நின்றது. மற்றொன்று ஜன்னலை ஒட்டி, பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டும் 6 அடி தூரத்தில் இருந்தன. தவிலின் தொப்பிப் பக்கத்தில் அடி விழும்போதெல்லாம் பீரோவின் கைப்பிடி கிலுகிலுத்தது. எழுந்து அறையின் நடுவில் நின்றேன். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஏறக்குறைய மறைந்தே போயிற்று. சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன்; அதே அடி நெஞ்சை அழுத்தியது. வயலின் தலைக்கு மேலிருந்தும் மிருதங்கம் முழங்கால் உயரத்திலிருந்தும் தனித்தனியாகக் கேட்டன. வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா என்று என்னிடம் கேட்டார். வயரை மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம்.

குறை ஆம்ப்ளிஃபயரிலும் இல்லை, வயரிலும் இல்லை, அந்த ஸ்பீக்கரிலும்கூட இல்லை. ஒலி 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 346 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்து, இந்த வேகத்தை அதனால் வகுத்தால், அந்தச் சுவர்கள் எந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் முழங்கும் என்பது தெரிந்துவிடும். 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு. 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். அறையின் உயரமும் 10 அடியாக இருந்துவிட்டால் அகலமும் உயரமும் ஒரே 57இல் சேர்ந்து முழங்கும். அவற்றின் இரட்டிப்பான 114இலும் அதே கதைதான். சுவரோரத்தில் குமுறுவதும் நடுவில் காணாமல் போவதும் இதனால்தான். சிறிய ஸ்பீக்கர் 57 ஹெர்ட்ஸை மெல்லத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு 10 அங்குல வூஃபர்கள் அதை முழுப் பலத்தோடு தள்ளும். மூலையில் வைத்தால் இரு சுவர்களும் தரையும் சேர்ந்து அந்தப் பலத்தைப் பன்மடங்காக்கும். 1946இல் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம்முடைய ஸ்பீக்கரை மூலைக்கென்றே வடிவமைத்தார் என்பது உண்மை. ஆனால் மூலையைக் கணக்கில் எடுத்துச் செய்த கருவி அது. நீங்கள் விற்கும் டவர்களில் மிகப் பெரும்பாலானவை அப்படிச் செய்யப்பட்டவை அல்ல.

மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் ஒரு எளிய கணக்கைத் தந்திருக்கிறார். எதிரொலி அடங்க எடுக்கும் நொடிகளை அறையின் கன மீட்டரால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2000ஆல் பெருக்க வேண்டும். கிடைக்கும் எண்ணுக்குக் கீழே ஸ்பீக்கரைவிட அறையே அதிகாரம் செலுத்தும். 12க்கு 10க்கு 10 அறை ஏறக்குறைய 34 கன மீட்டர். டைல்ஸ் தரையும் சிமெண்ட் பூச்சும் உள்ள அத்தகைய அறையில் எதிரொலி அடங்க முக்கால் நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ். 1 கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திம ஸ்தாயி ஷட்ஜமே (நடு 'ஸ') 131 ஹெர்ட்ஸ்தான். அப்படியானால் அவர் பாட்டின் அடித்தளம் முழுவதும், தம்புராவின் மந்தர ஷட்ஜம் உட்பட, அறையின் பிடியில் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கு வாங்கினாலும் இருபது லட்சத்துக்கு வாங்கினாலும் அந்தப் பிடி தளராது.

இதற்கு மாற்றாக ஃபோம் ஷீட் விற்கப்படுகிறது. 2 அங்குல ஃபோம் கைத்தட்டலின் கணகணப்பைக் குறைக்கும், மறுக்கவில்லை. 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 20 அடி. அதை நன்றாக உறிஞ்ச ஏறக்குறைய அதன் கால்பங்கு தடிமன் வேண்டும்; அதுவே 5 அடி. 2 அங்குலம் அதை என்ன செய்துவிடும்? உயர்ந்த ஒலியை மட்டும் ஃபோம் உறிஞ்சிவிடுவதால் மீதமிருக்கும் குமுறல் இன்னும் பச்சையாகக் கேட்கும் என்பதே நடைமுறை. மின்னணுத் திருத்தத்தால் ஓர் இருக்கையில் முழக்கத்தைக் குறைக்க முடியும். பேஸ் மறைந்துபோகும் இடத்தை நிரப்ப முடியாது.

உங்கள் ஷோரூமில் கேட்டபோது நன்றாகத்தானே இருந்தது என்று வாடிக்கையாளர் வியப்பதிலும் வியப்பில்லை. டெமோ அறை 20 அடிக்கும் நீளமானது. தரையில் கம்பளம், சுவரில் கனத்த திரை, பின்சுவரிலிருந்து 3 அடி தள்ளி ஸ்பீக்கர், 10 அடி தூரத்தில் சோபா. உயரமான டவரில் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரும் தாழ்ந்த ஒலிக்கான வூஃபர்களும் எழுப்பும் ஒலி ஒன்றாகக் கலக்க அந்தத் தூரம் வேண்டும். அதை 6 அடியில் கேட்கச் செய்வது வாங்கியவருக்கும், அதை வடிவமைத்தவருக்கும் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பெரிய ஸ்பீக்கரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள்: திண்ணை, ரேழி, அதைத் தாண்டினால் முற்றமும் தாழ்வாரமும், அதையொட்டி உயர்ந்த ஓட்டுக்கூரையின் கீழ் கூடம். 1895 முதல் ஹார்வர்டில் அறைகளின் எதிரொலியை அளக்கத் தொடங்கிய இயற்பியலாளர் வாலஸ் சபைன், ஒலியை உறிஞ்சும் ஆற்றலுக்குத் திறந்த ஜன்னலையே அளவுகோலாகக் கொண்டார். வெளியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா? அவர் கணக்கின்படி நம் முற்றம் வானத்தை நோக்கிய ஒரு மாபெரும் ஜன்னல். அத்தகைய கூடத்தில் பெரிய டவர் தாராளமாக மூச்சு விடும். அங்கே 5 அங்குல வூஃபரைக் கொண்டு தவிலை முழங்க வைக்க முயன்றால் அதுதான் திணறும். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலிலிருந்து ஸ்பீக்கரைக் காக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீடுகளுக்கு நான் சொல்ல வேறொன்றுமில்லை. துயரம் என்னவென்றால், அந்த வீடுகள் இடிக்கப்பட்டு அதே மனையில் 12க்கு 10 அறைகள் எழும்பிய பிறகும் நாம் கூடத்துக்குரிய ஸ்பீக்கரையே விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இடத்துக்கேற்ற கருவி என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரம் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டியது. தஞ்சாவூரில் பலா மரத்தில் குடையும் வீணை எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டால் போதும். இங்கிலாந்தின் பிபிசியும் இதே வழியில்தான் சென்றது. ஒலிபரப்பு வேனுக்குள் பெரிய ஸ்பீக்கர் பொருந்தாது என்பதால், 1970களில், 1 அடி உயரமே உள்ள எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. மனிதக் குரலை அது காட்டும் நேர்மைக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சிறிய அறைக்கு, அலமாரியில் வைக்கும் அளவுள்ள நல்ல புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரை, துளையில்லாத மூடிய பெட்டியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, உறுதியான ஸ்டாண்டோடு கொடுங்கள். கதவு ஜன்னல் மூடிய 12 அடி அறை 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸுக்குத் தானே ஓரளவு கைகொடுக்கும். பேஸ் போதவில்லை என்றால் பிறகு ஒரு சப்வூஃபர், அதாவது பேஸுக்கு மட்டுமேயான தனிப் பெட்டி, சேர்க்கலாம். குமுறாத இடம் பார்த்து அதைத் தனியே நகர்த்தி வைக்க முடியும், டவருக்குள் பூட்டிய வூஃபரை நகர்த்த முடியாது. 90 டெசிபல் திறனுள்ள (1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் ஒலி தரும்) ஸ்பீக்கருக்கு 6 அடி தூரத்தில் 1 வாட்டே வீட்டுக்குத் தாராளமான ஒலியைத் தரும் என்பதையும் சொல்லுங்கள். 200 வாட் ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிடும் பணம் மிஞ்சும்.

இதனால் உங்கள் வியாபாரம் குறையும் என்று அஞ்ச வேண்டாம். குமுறும் டவரை ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்றவர் மறுபடி உங்கள் படியேறுவதில்லை. பொருத்தமான சிறிய ஸ்பீக்கரை வாங்கியவர் தம்பியையும் சம்பந்தியையும் அழைத்து வருகிறார்.

தீபாவளி விற்பனைக்கு விலைப்புள்ளித் தாள்களை அச்சடிக்கக் கொடுக்கும்போது, மாடல் பெயருக்கு மேலே ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்: அறையின் நீளம், அகலம், உயரம், உட்காரும் தூரம். அதை நிரப்பிய பிறகே விலையைப் பேசுங்கள். அதோடு, முழுப் பணத்தையும் வாங்கும் முன், ஒரு வாரம் வாடிக்கையாளர் வீட்டிலேயே அந்த ஸ்பீக்கர் பாடட்டும்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்டத்து இசை ரசிகர் ஒருவர்