ஆறரை சென்ட்

பேராவூரணி பக்கம்,
17 நவம்பர் 2023

அன்புள்ள தங்கத்துக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சிங்கப்பூரில் சுகம்தானே? தீபாவளிக்குப் போன் பண்ணியபோது ஊர்ச் சேதி என்னப்பா என்று கேட்டாய். ஒரு சேதி இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து எழுதினால்தான் விடாமல் சொல்ல முடியும் என்று தோன்றியது.

முதலில் ஏரி. இந்த வருசம் மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள். ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபர் 10-ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள். அணையில் 30 அடி சொச்சம்தான் இருந்தது. கல்லணைக் கால்வாய் 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. அதில் கடைமடை நாம். நல்ல வருசத்திலேயே நமக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான். ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் பிடித்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் போர் தண்ணீர்தான். நம் போரை முதலில் 90 அடியில் போட்டோம், இப்போது 280 அடிக்குப் போய்விட்டது, உனக்கே தெரியும்.

அப்படிப்பட்ட வருசத்தில், இன்றைக்கு ஏரியில் முக்கால்வாசித் தண்ணீர் நிற்கிறது. கலிங்கு வழிய இரண்டு முழம்தான் பாக்கி. இவ்வளவு மழைக்கே இத்தனை தண்ணீர் வந்து நான் பார்த்து இருபது வருசம் இருக்கும். வரத்து வாய்க்கால் திறந்துகொண்டதுதான் காரணம். நான் சொல்ல வேண்டிய சேதியும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.

நம் வடக்குத் தோப்பில் வாய்க்காலை ஒட்டி ஒரு வரிசைத் தென்னை நின்றதே, ஒன்பது மரம், நீயும் உன் சிநேகிதிகளும் ஊஞ்சல் கட்டுவீர்களே, அவை நின்ற இடம் நம்முடையது இல்லையம்மா. வாய்க்கால் புறம்போக்கு.

உன் தாத்தா காலத்தில் வரப்பு இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. கொல்லை என் கைக்கு வந்த பிறகு ஒவ்வொரு கோடையிலும் வரப்பு வெட்டும்போது ஒரு முழம் வாய்க்கால் பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். யாரும் கேட்கவில்லை. எதிர்க்கரைக்காரரும் அதையே செய்தார். பத்து வருசத்தில் ஒரு வரிசை மரம் வைக்கிற அளவு இடம் தேறிவிட்டது. நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருசம் தென்னை வைத்தேன். உன் காலேஜ் பீஸில் அந்தத் தேங்காய்ப் பணமும் சேர்ந்திருக்கிறது.

நேற்றோடு கஜா புயல் அடித்து ஐந்து வருசம் ஆகிறது. அந்த ஒரு ராத்திரியில் நம் தோப்பில் பாதி சாய்ந்தது, அந்த ஒன்பதும் வேரோடு வாய்க்காலில் கிடந்தன. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்களே, மரம் எண்ண ஆள் வந்தபோது அந்த ஒன்பதையும் சேர்த்தே காட்டினேன். 9,900 ரூபாய் என் கணக்கில் ஏறியது. அடுத்த வருசமே அதே குழிகளில் கன்றும் வைத்தேன்.

இந்த மே 1-ஆம் தேதி கிராம சபை. பள்ளிக்கூட வராண்டாவில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தெரு விளக்கு, நூறு நாள் வேலை என்று வழக்கமான பேச்சு ஓடியது. கீழத்தெருவிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றது. உன் வயசு இருக்கும். "நாலு நாள் சேர்ந்தாப்ல மழை பேஞ்சா எங்க பிள்ளைக புஸ்தகப் பையெல்லாம் விட்டத்துல கட்டித் தொங்குது. ஏரிக்குப் போற தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஏன் வருது? எங்களுக்கு நிவாரணம் வேணாம், அது போற வழிய மட்டும் விடச் சொல்லுங்க." அவ்வளவுதான் பேசியது.

ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் தெரியும் தங்கம், அதனால்தான் திரும்பவில்லை. அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாமல் போனது.

சாயங்காலம் நான் மட்டும் கீழத்தெருவுக்கு நடந்து போனேன். அந்தப் பெண் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கோடு, போன மழையில் தண்ணீர் நின்ற கோடு. அதற்குக் கீழே சுண்ணாம்பு முழுக்கப் பொரிந்து உதிர்ந்திருந்தது. காலண்டரை எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். திண்ணையில் உட்காரச் சொல்லி ஒரு டீ கொடுத்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

மறுவாரம் பணம் கட்டி சர்வேயரை வரச் சொன்னேன். சர்க்கார் அளந்து வைத்திருக்கும் புலப்படத்தில் வாய்க்கால் 12 மீட்டர் அகலம். தரையில் 5 மீட்டர்தான் மிச்சம் இருந்தது, அதிலும் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. நம் பக்கம் 4 மீட்டர் உள்ளே வந்திருக்கிறோம். மொத்தம் ஆறரை சென்ட். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, நோட்டீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உன் மாமா சொன்னார். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பொண்ணு பங்கைத் தூக்கி ஊருக்குக் கொடுத்துட்டீங்களே என்கிறார்.

மரங்களை எடுத்த அன்று அம்மா தோப்புக்கு வரவில்லை. நாலு வயசு மரங்கள். ஒன்றில் முதல் பாளை வெளியே வந்து நுனியில் லேசாக வெடித்திருந்தது, உள்ளே பூ அரிசி மணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. ஜேசிபிக்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை மட்டும் விட்டுடவா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எடுத்துடு தம்பி என்று கையால்தான் காட்டினேன்.

வாய்க்கால் வேலையை நம் ஊர்ப் பையன்களே இறங்கிச் செய்தார்கள். கஜாவுக்கு அடுத்த வருசம் பேராவூரணியில் இளைஞர்கள் கைஃபா என்று சங்கம் வைத்துப் பெரிய குளத்தைத் தூர் வாரினார்களே, அதைப் பார்த்து இவர்களுக்கும் வேகம். டீக்கடையில் ஒரு நோட்டுப் போட்டு, மொய் எழுதுகிற மாதிரியே ஊரில் வசூல் செய்தார்கள். நான் 10,001 எழுதினேன். அதில் 9,900 எதற்கு என்று உனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். நம் பக்கத்தில் வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யாதவனை மனுசனாகவே மதிக்க மாட்டார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ மண் சுமந்து கரை போட்டுக் கொடுத்த ஏரியில் நான் விளைய வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வழியில்லை. பின்னால் வருகிறவர்களுக்குச் செய்தால்தான் உண்டு.

எதிர்க்கரைக்காரர் இன்னும் விடவில்லை. மூன்று மீட்டர் அவரிடம் இருக்கிறது. நான் இரண்டு தடவை போய்ப் பேசினேன். அவர் முகம் கொடுக்கவில்லை, ஆனாலும் தை பிறந்ததும் மறுபடி போவேன். இந்த நவம்பர் 1 கிராம சபையில் வாய்க்கால் அகலத்தைப் புலப்படத்தில் உள்ளபடி தீர்மானமாக எழுதி வைக்கச் சொன்னேன், எழுதியிருக்கிறார்கள். இந்த மழையில் கீழத்தெருவில் வாசல் வரை தண்ணீர் வந்து வடிந்துவிட்டது. வீட்டுக்குள் போகவில்லை. பெருமழை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, அந்த மூன்று மீட்டரும் வந்தால்தான் எனக்கு நிம்மதி.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. தோப்பில் பாதி உனக்கு, பாதி தம்பிக்கு என்று முன்பே சொல்லியிருக்கிறேன், அதில் மாற்றம் இல்லை. பட்டாவிலும் ஒரு மாற்றமும் இல்லை, பட்டாவில் இல்லாத நிலத்தைத்தான் விட்டிருக்கிறேன். ஆனால் வடக்குப் பக்கம் உன் பங்கு, ஓரம் குறைந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். வருத்தம் இருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் சொல்லிவிடு. தம்பிக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

மழை வெறித்ததும் புது வரப்பு ஓரம் பனங்கொட்டை போடலாம் என்று நூறு கொட்டை பொறுக்கிக் குவித்து வைத்திருக்கிறோம். கீழத்தெருப் பிள்ளைகளும் சேர்ந்து பொறுக்கினார்கள்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய், டிக்கெட் போட்டுவிடு. தை மாதம் ஏரியில் இடுப்பளவு தண்ணீராவது நிற்கும். பேரனுக்கு நீச்சல் பழக்க லாரி டியூப் ஒன்று பஞ்சர் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா