மார்ச்சில் தீர்த்தன் ஆற்றுக்குப் போகிறேன், மாமா

புது தில்லி,
ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? நுவரெலியாக்காரனுக்குக் குளிர் என்ன புதுசா என்று கிண்டல் செய்தீர்களே, தில்லிக் குளிர் வேறு ரகம். புகையும் மூடுபனியும் சேர்ந்து காலையில் எதிர்க் கட்டடமே தெரிவதில்லை. இதே ஊரில் மே மாதம் 45 பாகை வெயில் அடிக்குமாம். டீயைப் பற்றிக் கேட்காதீர்கள். தூள், பால், இஞ்சி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள், நம் ஃபேக்டரி டீமேக்கர் பார்த்தால் அழுதுவிடுவார். நான் விட்டுவைக்காமல் குடிக்கிறேன், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே தில்லித் தமிழ்ச் சங்கத்தில் எட்டிப் பார்ப்பேன். இலங்கை என்றதும் "யாழ்ப்பாணமா?" என்றுதான் கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்து மலையகம் என்றால் முழிப்பார்கள். ஆனால் அங்கே பழக்கமான ஒரு கோத்தகிரி அண்ணனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் சனம் அவர் ஊர்ப் பக்கம் நிறையப் பேர். ஊர்க்கதை பேசிப் பேசி ட்ரவுட்டில் வந்து நின்றோம். நம் ஹோர்ட்டன் சமவெளியில் போலவே நீலகிரியிலும் வெள்ளைக்காரர்கள்தான் அந்த மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மீனைப் பிடிக்கப் போகும் தோட்டத்துத் துரைக்கு நீங்கள் பை தூக்கிக்கொண்டு ஓடையோரம் நடந்த கதையைச் சொன்னேன். அதோடு முடிவாகிவிட்டது. மார்ச் கடைசியில் நாங்கள் இருவரும் ட்ரவுட் பிடிக்க இமாசலப் பிரதேசம் போகிறோம்.

ஆற்றின் பெயர் தீர்த்தன். குல்லு மாவட்டத்தில், பஞ்சார் என்ற சிற்றூரைத் தாண்டி இருக்கிறது. அங்கே அதிகம் இருப்பது பிரவுன் ட்ரவுட், நம் ஓடைகளில் இருக்கும் ரெயின்போ வகை இல்லை. பக்கவாட்டில் ரோசாப்பூ நிறக் கோடு இருக்காது, சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் இருக்கும். குளிர்காலத்தில் அது கூழாங்கல்லில் முட்டையிடுவதால் நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய மீன்பிடிக்கத் தடை. மே வந்தால் பனி உருகி ஆறு பெருகும், ஜூலை ஆகஸ்டில் மழைத் தண்ணீர் கலங்கி ஓடும். ஆக மார்ச், ஏப்ரல், இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசிக்கு மேல் அக்டோபர். அக்டோபரில் எனக்குப் பரீட்சை.

வழி சுலபம்தான். காஷ்மீரி கேட்டில் சாயங்காலம் மணாலி பஸ் ஏறினால் விடியற்காலை அவுட் என்ற இடத்தில், சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ள வேண்டும். தூங்கிப்போனால் மூன்று கிலோமீட்டர் குகைக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வருவோம். அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸில் பஞ்சார், அப்புறம் குஷைனி. தங்குவதற்கு ஆற்றோரத்து வீடுகளில் அறை கிடைக்கும். மீன்வளத் துறையில் நாள் கணக்குக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

கைடு வைக்கவில்லை. காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், கைடு வந்தால் "இங்கே போடு, அங்கே போடு" என்று அவர் சொல்ல நாம் கையை ஆட்டிக்கொண்டிருப்போம். தண்ணீரை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பாறைக்குப் பின்னால் நீர் தளரும் இடம், வேகமும் மந்தமும் சந்திக்கும் கோடு, கரை அரித்த நிழல், இங்கேதான் மீன் நிற்கும். அது நீரோட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்து நிற்பதால் நாம் கீழேயிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். துரை எப்போதும் கீழேயிருந்துதான் ஏறுவார் என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

தூண்டில் கம்பு அண்ணனுடையது, ஒன்பது அடி, ஐந்தாம் நம்பர் தூண்டில் நூல். ஃப்ளைக்கு, அதாவது பூச்சி மாதிரி கட்டிய கொக்கிக்கு, பதிலாக நூல் துணுக்கைக் கட்டிப் பூங்காப் புல்லில் வீசிப் பழகுகிறேன். கிரிக்கெட் விளையாடும் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு ஆறு என்றாலே பயம், நியாயமான பயம்தான். 2014 ஜூனில் லார்ஜி அணையிலிருந்து திடீரென்று திறந்த தண்ணீர் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போனது. நாங்கள் போகும் இடம் அந்த அணைக்கு மேலே, தீர்த்தனில். அங்கே நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் போராடித் தடுத்ததால் அணை கிடையாது. ஆனாலும் மலையில் மழை பெய்தால் ஆறு சொல்லாமல் ஏறும். வானம் கறுத்தாலோ தண்ணீர் நிறம் மாறினாலோ அந்த நிமிடமே கரையேறுவோம், முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டோம், ஒருவரை ஒருவர் பார்வையில் வைத்திருப்போம். இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார்.

மாமா, ஒரு உதவி. துரை ஊருக்குப் போகும்போது உங்களிடம் கொடுத்த அந்தத் தகர டப்பாவில் ஃப்ளை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? துருப்பிடிக்காதது நாலைந்து போதும், சின்னதும் கறுப்பும் என்றால் நல்லது. பிப்ரவரியில் ஹட்டன் பையன் ஒருவன் இங்கே படிக்க வருகிறான். கொக்கிகளைத் தக்கையில் குத்தி, கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கூடவே அரைக் கிலோ நம் தேயிலையும் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்