கிட்னியைக் கெடுப்பது மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "சுகர் மாத்திரை தின்றே கிட்னியைக் கெடுத்துக்கொண்டார்" என்ற பேச்சு, காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் காதில் விழுந்துவிடுகிறது. காரணமும் விளைவும் இடம் மாறிவிட்ட இப்பேச்சைப் பற்றி, மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் தமக்குள் நுழையும் அளவைக் குறைத்துக்கொள்கின்றன. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் உள்ள சில அணுக்களுக்கு அந்தத் திறன் போதாது என்பதால், வெளியே ஏறிய சர்க்கரை அவற்றின் உள்ளேயும் ஏறி, புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை ஆண்டுக்கணக்கில் தடிக்க வைக்கிறது. இரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டால் சிறுநீரகம் இன்னும் விரைவாகப் பழுதாகிறது. வலி ஏதும் இல்லாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் இன்சுலின் போட்டோ, பம்பு வழியாகச் செலுத்தியோ சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் அபாயம் 76 சதவீதமும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் மிகுதியாக வெளியேறும் அபாயம் 54 சதவீதமும் குறைந்தன. நம் ஊரில் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையிலும், மாத்திரை அல்லது இன்சுலின் கொண்டு கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததை 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. மருந்துதான் கெடுக்கிறது என்றால், கூடுதலாக மருந்து எடுத்தவர்களுக்கு அல்லவா கேடு கூடியிருக்க வேண்டும்?

சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த பின் மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்தவர்கள் பழியை மாத்திரை மேல் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் தளர்ந்த சிறுநீரகத்துக்கு ஊறு செய்யக்கூடியவை, மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். அவற்றைப் பற்றி பந்தியில் யாரும் வாய் திறப்பதில்லை!

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு வெறுங்காலுடன் நடப்பவர்களில் சிலர், கல்லும் முள்ளும் குத்துவதே தெரியவில்லை என்று மகிழ்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சர்க்கரை நோயாளிகளாக இருந்தால், அது கால் நரம்பு மரத்துப்போனதன் அடையாளமாகவும் இருக்கலாம். பாத யாத்திரை புறப்படுமுன் பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செல்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
காரைக்குடி.