ஜுபாராவைக் காத்த கோட்டை எது?

அன்புள்ள தம்பிக்கு,

கத்தாரின் தோஹாவிலிருந்து வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியோட்டிச் சென்று, அல் ஜுபாரா கோட்டை வாசலில் நின்று நீ எடுத்தனுப்பிய படம் கிடைத்தது. அழிந்துபோன முத்து நகரத்தைக் காத்த கோட்டை என்று அதன் கீழே எழுதியிருந்தாய். அது சரியன்று. நீ பார்த்தது ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் அல் தானி 1938இல் கட்டிய காவல் நிலையம். நகரம் அழிக்கப்பட்டதோ 1811இல். வீடு இடிந்து 127 ஆண்டுகள் கழித்து வந்த காவற்காரனை நீ படம் பிடித்திருக்கிறாய்.

உண்மையான காவல் கலாத் முரைர் என்னும் கோட்டையிடம் இருந்தது. குவைத்திலிருந்து வந்த வணிகர்கள் 18ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிப்பையும் கடல் வாணிகத்தையும் நம்பி ஜுபாராவை வளர்த்தெடுத்தார்கள். நகரைச் சுற்றி ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்கு மதிலும் கொத்தளங்களும் எழுப்பினார்கள்; ஆனால் அந்த மதிலுக்குள் இல்லாத ஒன்று குடிதண்ணீர். கிணறுகள் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அப்பால் பாலைவெளியில் கிடந்தன. ஆகவே கிணறுகளை உள்ளடக்கி முரைரைக் கட்டியதோடு நில்லாமல், நகரத்திலிருந்து கோட்டைவரை வழியின் இருபுறமும் தடுப்புச் சுவர்களையும் நீட்டினார்கள். கடலைப் பார்த்து நிற்க வேண்டிய கோட்டை கடலுக்கு முதுகைக் காட்டிப் பாலைக்குள் போய் உட்கார்ந்ததன் காரணம் இதுதான். முத்து இல்லாமல் ஓர் ஆண்டைத் தள்ளலாம், தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தள்ள முடியும்?

ஜுபாராவின் தலைமைக் குடும்பமாக இருந்து, 1783இல் பஹ்ரைனைக் கைப்பற்றிய அல் கலீஃபா குடும்பத்தார் மெல்ல அங்கே இடம்பெயர்ந்தார்கள். 1811இல் மஸ்கத் சுல்தானின் படை ஜுபாராவைத் தகர்த்த பின் மக்கள் திரும்பி வந்து சிறிய அளவில் மறுபடி குடியேறினார்கள். 1878இல் அப்துல்லாவின் தந்தை ஷேக் ஜாசிம் படையெடுத்தபோதுகூட, ஊரில் இருந்த நயீம் குலத்தார் ஒதுங்கியது இந்த முரைருக்குள்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் முற்றிலும் காலியாயிற்று.

உன் படத்திலுள்ள கோட்டைக்கும் தனிக் கதை உண்டு. ஜுபாரா யாருக்குச் சொந்தம் என்று கத்தாரும் பஹ்ரைனும் 1937இல் மோதிக்கொண்டதற்கு மறு ஆண்டே அது எழுந்தது; அந்த வழக்கைப் பன்னாட்டு நீதிமன்றம் தீர்த்து வைத்தது 2001இல்.

2013இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றபோது முரைரின் இடிபாடுகளும் அதில் சேர்க்கப்பட்டன. அடுத்த வெள்ளிக்கிழமை போனால் அங்கும் நடந்து பார். தரையோடு தரையாகக் கிடக்கும் சுவர்களில் உன் கைப்பேசிக்கு அழகாக எதுவும் அகப்படாது. கிணற்றுப் பக்கத்தை மட்டுமாவது எடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்