மே மாதம் பசிக்காதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022 முதல் காலை உணவு என்று இங்கே குறையொன்றும் இல்லை. ஆனால் கோடை விடுமுறை வந்தால் இரண்டுமே நின்றுவிடுகின்றன.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கரிமூட்டம் போடுகிற வேலை, அதாவது விறகை மூடி எரித்து அடுப்புக்கரி ஆக்குகிற வேலை. விடியுமுன்பே கருவேலங்காட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்குத் தூக்குவாளியில் நேற்றைய கஞ்சியும் ஒரு பச்சைமிளகாயும் இருக்கும். மதியத்துக்குள் அதுவும் புளித்து நுரைத்துவிடும். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று மணியடிக்கும் முன்பே தட்டோடு வந்து சமையல்கூட வாசலில் நிற்பார்கள். முட்டையை முதலில் தின்னாமல் கடைசிவரை சோற்றுக்கடியில் மறைத்து வைத்திருப்பாள் ஒரு சிறுமி. எத்தனையோ வருடம் பார்த்த காட்சி.

வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2004லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராமநாதபுரத்தைவிட வறண்ட சீமை எது? சமைக்க ஆள் வராது என்றால், சரி, அரிசியும் பருப்பும் முட்டையுமாவது வாரம் ஒருமுறை வீட்டுக்குக் கொடுக்கலாம். கொரோனா காலத்தில் உலர் பொருளாகக் கொடுத்தோமே!

— ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்